இடது கைக்குக் கிடைத்த வேலை

கீபோர்டின் இடது ஓரத்தில், கட்டைகள் தொடங்குவதற்கு முன்னால், பாதி உடம்பைப் பெட்டிக்குள் மறைத்துக்கொண்டு இரண்டு சக்கரங்கள் இருக்கும். ஒன்றைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் தானாக நடுவுக்கு வந்துவிடும். மற்றது விட்ட இடத்திலேயே நிற்கும். திரும்பி வருவது பிட்ச் வீல், நிற்பது மாடுலேஷன் வீல். கீபோர்டு வாங்கிப் பல வருஷம் ஆகியும் அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோகாதவர்கள் நிறையப் பேர். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கீபோர்டு வகுப்பு என்று நடப்பதில் பெரும்பாலானவை பியானோ பாடத்திட்டத்தைத்தான் நடத்துகின்றன. பியானோவில் இந்தச் சமாச்சாரம் கிடையாது. பரீட்சையிலும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் கட்டை வைத்த வாத்தியத்துக்கு இருக்கும் பிறவிக் குறைக்கு மனிதர்கள் கண்டுபிடித்த மருந்துகளில், மலிவானதும் நீண்ட நாள் ஓடியதும் இதுதான். குறை என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றுமில்லை. ரிஷபத்தை அமுக்கினால் ரிஷபம், காந்தாரத்தை அமுக்கினால் காந்தாரம். இடையில் வழுக்கிப் போக வழி கிடையாது. 1940 மார்ச் மாதம் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களை விட்டே விலக்கி வைத்ததற்கு முக்கியமான காரணம் இதுதான்: கமகம் பேசாது, நம் சுருதிக்கும் ஒத்துவராது. 1971-க்குப் பிறகுதான் அந்தக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. தடை போட்டவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது, தண்டனைதான் அதிகம் என்பது என் கட்சி.

இந்தக் குறை மேற்கத்தியர்களையும் உறுத்தியிருக்கிறது. வயலினும் செல்லோவும் வாசித்துப் பழகிய காதுக்கு ஆர்கன் எப்போதும் கொஞ்சம் விறைப்பாகத்தான் கேட்கும். பிரான்சில் மொரிஸ் மார்த்தனோ என்ற செல்லோ கலைஞர் 1928-ல் பாரிஸில் ஒரு மின்சார வாத்தியத்தை மேடையேற்றினார். ஓந்த் மார்த்தனோ என்று அதற்குப் பெயர். வலது கை ஆட்காட்டி விரலில் ஒரு மோதிரம், அதில் கட்டிய கம்பி. மோதிரத்தை இடமும் வலமும் நகர்த்தினால் சுருதி வழுக்கிக்கொண்டே போகும். பின்னால் வந்த மாடல்களில் கட்டைகளும் சேர்ந்தன. அந்தக் கட்டைகளையும் அவர் சும்மா விடவில்லை. விரலால் அமுக்கியபடியே பக்கவாட்டில் லேசாக ஆட்டினால், செல்லோவில் விரல் நடுங்குவதுபோல ஸ்வரம் நடுங்கும்படி செய்தார். இடது கை? அதற்கு ஒரு சின்ன இழுப்பறை. அதற்குள் ஒரு கட்டை. அதை அமுக்கினால்தான் சத்தமே வரும். எவ்வளவு ஆழமாக அமுக்குகிறோமோ அவ்வளவு சத்தம். வில்லைப் பிடித்த கை செய்யும் வேலை அது. இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் இந்த வாத்தியத்தை நம்பித் தன் துரங்கலீலா சிம்பொனியில் அதற்குப் பெரிய பங்கு கொடுத்தார். 1949-ல் பாஸ்டனில் அரங்கேறியது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஓந்த் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு வாசிக்க முடியாது. அதனால்தான் இடது கைக்கு வேறு வேலை கொடுக்க முடிந்தது. பியானோவில் இடது கை ஓயாமல் உழைக்கிறது. இரண்டு கைக்கும் சேர்ந்து பத்து ஸ்வரம் கொடுத்துவிட்டு, அதோடு வழுக்கவும் சொன்னால் எந்தக் கை வழுக்கும்? இந்தச் சக்கரத்தின் கதை முழுக்க இதே வழக்குதான். கார்டு வேண்டுமா, கமகம் வேண்டுமா என்று கேட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு விதமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

கனடாவின் ஒட்டாவாவில் ஹ்யூ லெ கெய்ன் என்ற இயற்பியலாளர் கொடுத்த தீர்ப்பு மிகத் துணிச்சலானது. 1945-ல் ஆரம்பித்து 1948 வாக்கில் அவர் கட்டிய கருவி எலெக்ட்ரானிக் சாக்பட். வலது கை வாசிக்கும் கட்டையைப் பக்கவாட்டில் அழுத்தினால் சுருதி வளையும். கீழ்நோக்கி அழுத்தினால் சத்தம் கூடும். இடது கை கட்டைப் பக்கமே வராது. அந்தக் கை விரல்களுக்கென்று தனித்தனி அழுத்திகள், ஒலியின் நிறத்தை மாற்றுவதற்காக. மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் சிந்தசைசர்களுக்கு இதைத்தான் முதல் முன்னோடி என்று சொல்கிறார்கள். ஆனால் கடைக்கு வரவில்லை. நல்ல யோசனைகள் பலவற்றுக்கு நேர்வதுதான் இது. கருவி அருங்காட்சியகத்துக்குப் போனது, யோசனை எழுபது வருஷம் தூங்கியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தியாவில் இதே காலத்தில் நடந்த ஒரு சின்ன வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. 1954-ல் வந்த 'நாகின்' இந்திப் படத்தில் மகுடி ஒலிக்கிறதே, அது மகுடி இல்லை. கிளாவியோலின் என்ற சின்ன மின்சாரக் கட்டை வாத்தியத்தில் கல்யாண்ஜி என்ற இசைக்கலைஞர் வாசித்தது. அதற்கும் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான், வளைக்கச் சக்கரமும் கிடையாது. விரல் வேகத்தாலும் அடுத்தடுத்த கட்டைகளைத் தொட்டுத் தொட்டு ஓடிய அலங்காரத்தாலும் வளைந்ததுபோல ஒரு பிரமையை உண்டாக்கினார்கள். நாடே அதை மகுடியாக நம்பியது. ஆர்மோனிய வித்வான்களும் நூறு வருஷமாக இந்த வித்தையைத்தான் செய்து வருகிறார்கள்.

சக்கரம் பிறந்த இடம் நியூயார்க் மாநிலத்தில் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூர். ராபர்ட் மூக்கின் பட்டறை அங்கேதான் இருந்தது. 1960-களின் மூக் சிந்தசைசர் ஒரு பீரோ அளவு இருக்கும். முகம் முழுக்க ஒயர். சுருதியை வழுக்க வைக்கத் தனியாக ரிப்பன் ஒன்று விற்றார்கள். நீளமான பட்டையின் மேல் இழுத்துக் கட்டிய நாடா, எங்கே விரலை வைத்து அழுத்துகிறோமோ அந்த இடத்துக்குரிய மின்னழுத்தம் வெளியே வரும். கீபோர்டு கலைஞர் கீத் எமர்சன் மேடையில் அந்த ரிப்பனைத் துப்பாக்கிபோல ஏந்தி, அதிலிருந்து வாணம் விட்ட கதையெல்லாம் உண்டு. அழகான கருவி. ஆனால் ரிப்பனில் நடு என்று ஒரு இடம் விரலுக்குத் தெரியாது. விரலை எடுத்து மறுபடி வைத்தால் எங்கே இறங்குவோம் என்பது காதுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் விட்ட வழி.

1969-ல் அந்தப் பட்டறையின் பொறியாளர் பில் ஹெம்சாத், மதிய இடைவேளைகளில், ஒதுக்கிப் போட்ட உதிரிகளை ஒட்டுப்போட்டு ஒரு சின்ன சிந்தசைசர் செய்தார். பீரோவில் எல்லோரும் அடிக்கடி பயன்படுத்தும் பகுதிகளை மட்டும் ஒரு பெட்டிக்குள் அடக்கிவிட்டால் மேடைக்குக் கொண்டுபோகலாமே என்பது எண்ணம். இரண்டு மூன்று மாதிரிகள் தாண்டி 1970-ல் அது மினிமூக் மாடல் டி ஆனது. 44 கட்டைகள், ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர் மூன்று, ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம். கட்டைகளுக்கு இடப் பக்கத்தில் இரண்டு சக்கரங்கள்.

ஒரே ஸ்வரம்தான் என்பதால் இடது கை சும்மா இருந்தது. சும்மா இருந்த கைக்கு வேலை வந்தது. சக்கரத்துக்குள் பெரிய ரகசியம் ஏதுமில்லை. அச்சில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர், ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் அதே ஜாதி. சக்கரம் உருண்டால் மின்னழுத்தம் ஏறும், இறங்கும். அது ஆசிலேட்டருக்குப் போய்ச் சுருதியை ஏற்றும், இறக்கும். மேதைமை இருந்தது சுற்றில் அல்ல, கை வைக்கும் இடத்தில். சக்கரத்தில் கைக்கு ஒரு நடு கிடைத்தது. சக்கரம் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு சின்னப் பள்ளத்தில் கடக்கென்று உட்காரும். கண்ணால் பார்க்காமலே கட்டையின் சொந்தச் சுருதிக்கு வந்துவிட்டோம் என்று விரலுக்குத் தெரியும்.

அந்த முதல் மினிமூக்கில் பிட்ச் வீலுக்கு ஸ்பிரிங் இல்லை என்பதை இன்றைக்குச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். தள்ளிய இடத்தில் நிற்கும். திரும்பக் கொண்டுவருவது வாசிப்பவரின் பொறுப்பு. தப்பு செய்ய நிறைய வசதி. கற்றுக்கொள்ளவும் அதே அளவு வசதி.

இரண்டாவது சக்கரத்தின் வேலை வேறு. அது சுருதியை நேரடியாகத் தொடாது. மெதுவாக ஏறி இறங்கும் ஒரு அலையை எவ்வளவு கலப்பது என்று சொல்லும். வினாடிக்கு ஐந்தாறு முறை ஆடும் அலையைச் சுருதியில் கலந்தால் அது வைப்ரேட்டோ. அதையே ஃபில்ட்டரில் கலந்தால் ஒலி திறந்து மூடும், வாயை 'வா வா' என்று அசைப்பதுபோல. பாட்டுக்காரர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரு நீண்ட ஸ்வரத்தை எடுத்ததுமே நடுங்க விட மாட்டார்கள். நேராகப் பிடித்து, அது நிலைத்த பிறகு, முடிவை நெருங்கும்போது மெல்ல அசைப்பார்கள். மாடுலேஷன் வீலை அப்படித்தான் தாமதமாக, மெதுவாக ஏற்ற வேண்டும். கட்டையைத் தொட்டதும் சக்கரத்தையும் உச்சிக்குத் தள்ளுகிறவர்கள் வாசிப்பில் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே குளிர்க் காய்ச்சல் வந்திருக்கும்.

சக்கரத்தை வாத்தியமாக்கியவர்களில் யான் ஹாமருக்குத் தனி இடம். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து அமெரிக்கா போனவர். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1971-ல் ஆரம்பித்த மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு. கிட்டாரும் வயலினும் வளைந்து நெளிந்து ஓடும் அந்தக் குழுவில், நடுவில் உட்கார்ந்துகொண்டு விறைப்பான கட்டை வாத்தியத்தை வைத்து என்ன செய்வது? 1973-ல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' இசைத்தட்டில் அவர் மினிமூக்கை எடுத்தார். கிட்டாரும் கீபோர்டும் மாறி மாறிக் கேள்வி பதில் நடத்தும் இடங்களில் எது கிட்டார் எது கீபோர்டு என்று கேட்பவர் திணற வேண்டியிருக்கும். இதே மெக்லாஃப்லின்தான் அந்தக் காலத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். வீணைக் கம்பியை மெட்டின் மேல் குறுக்கே இழுத்துக் கமகம் எடுப்பதைக் கற்ற மனிதரும், சக்கரத்தை உருட்டி அதைத் தேடிய மனிதரும் ஒரே மேடையில் நின்றார்கள்.

ஹாமரிடம் கற்க வேண்டியது ஒரு நுட்பம். கிட்டாரிலும் வீணையிலும் கம்பியை இழுத்தால் சுருதி ஏறத்தான் முடியும். இறங்குவது என்றால் ஏற்கெனவே இழுத்து வைத்திருந்ததை விடுவது. சக்கரமோ இரண்டு பக்கமும் போகும். புதிதாக வாசிப்பவர்கள் இந்தச் சுதந்திரத்தில் மயங்கி, போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்தை அமுக்கிவிட்டுச் சக்கரத்தைக் கீழே தள்ளி மேலே கொண்டுவருவார்கள். கேட்டால் கிராமபோன் தட்டு வேகம் குறைந்த மாதிரி இருக்கும். கம்பி வாத்தியத்தின் சாயல் வேண்டுமென்றால் ஒரு ஸ்வரம் கீழே உள்ள கட்டையை அமுக்கு, தாக்கு முதலில் கேட்கட்டும், பிறகு சக்கரத்தால் மேலே ஏற்றிச் சேர வேண்டிய இடத்தில் நிறுத்து. தாக்குக்கும் ஏற்றத்துக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில்தான் வாசிப்பவரின் ருசி தெரியும்.

இன்னொன்று, கேசட் காலத்து மெல்லிசைக் குழு வாசிப்பில் அடிக்கடி காதில் விழுந்த பிழை. ஸ்வரத்தை வளைத்து முடித்ததும் வலது கை விரலும் இடது கைச் சக்கரமும் ஒரே நேரத்தில் விடுபடும். ஆனால் கட்டையை விட்ட பிறகும் ஒலிக்கு ஒரு வால் இருக்கிறது. சக்கரம் ஸ்பிரிங்கில் நடுவுக்கு ஓடும்போது அந்த வாலும் கூடவே சறுக்கும். சொற்றொடரின் கடைசியில் 'ய்யூ' என்று ஒரு அனாவசிய இறக்கம். வால் அடங்கும்வரை சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது என்பது துரதிர்ஷ்டம்.

மினிமூக் வெற்றி பெற்றதும் ஆளாளுக்கு இடது கைக்கு ஒரு சாதனம் செய்தார்கள். ஆர்ப் கம்பெனி தன் ஒடிசியில் முதலில் ஒரு திருகு வைத்தது, பின்னால் அதை எடுத்துவிட்டு அழுத்தினால் வளையும் ரப்பர் திண்டுகளை வைத்தது. இரண்டுமே சக்கரத்தோடு போட்டி போட முடியவில்லை. கோர்க் ஜாய்ஸ்டிக் வைத்தது. ரோலண்ட் ஒரு நெம்புகோலைக் கொண்டுவந்தது. இடம் வலமாகத் தள்ளினால் சுருதி, முன்னால் தள்ளினால் மாடுலேஷன், விட்டால் இரண்டும் நடுவுக்கு. ஒரே விரலில் இரண்டையும் செய்யலாம் என்பது சௌகரியம். மாடுலேஷனை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுக்க முடியாது என்பது அசௌகரியம். நம் ஊர் மேடைகளிலும் தேவாலயங்களிலும் ரோலண்ட் பரவலாக இருப்பதால், இங்கே பலருக்குப் பிட்ச் பெண்ட் என்றால் சக்கரம் நினைவுக்கு வராது, இந்த நெம்புகோல்தான் வரும். சக்கரத்தில் பழகியவர் நெம்புகோலுக்கு மாறினால் ஒரு வாரம் சுருதி தள்ளாடும். ஒன்று மேலும் கீழும், மற்றது இடமும் வலமும். கை மறப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

1978-ல் கார்டு தன் வழக்கை மறுபடி எடுத்துக்கொண்டு வந்தது. டேவ் ஸ்மித்தின் புராஃபெட்-5 ஒரே நேரத்தில் ஐந்து ஸ்வரம் பேசியது. இடது ஓரத்தில் அதே இரண்டு சக்கரங்கள். ஆனால் இப்போது சக்கரத்தை அசைத்தால் ஐந்தும் சேர்ந்து அசையும். கார்டைப் பிடித்தபடி மேல் ஸ்வரத்தை மட்டும் வளைக்க வழியில்லை. அதுவுமன்றி, சக்கரத்துக்குப் போன இடது கை கார்டுக்கு வர முடியாது. ஒரு வருஷம் முன்னால் வந்த யமஹா சிஎஸ்-80 இதற்கு ஒரு பாதித் தீர்வு சொன்னது. கட்டையை அமுக்கிய பிறகு மேலும் அழுத்தினால், அந்த ஒரு ஸ்வரம் மட்டும் மாறும். ஒவ்வொரு கட்டைக்கும் தனி உணர்வு. கூடவே நீளமான ரிப்பன். 1982-ன் 'பிளேட் ரன்னர்' படத்துக்கு வாங்கெலிஸ் உருவாக்கிய அந்த மழை நனைந்த ஒலியில் சிஎஸ்-80-க்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் எடை ஏறக்குறைய நூறு கிலோ. மேடைக்குத் தூக்கப் பந்தல்காரர் வேண்டும்.

அடுத்த கட்டம் சக்கரத்தின் வாழ்க்கையில் பதிவு அலுவலகத்துக்குப் போன மாதிரி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் (NAMM) என்ற இசைக் கருவிக் கண்காட்சியில் ஒரு புராஃபெட்-600-ஐயும் ரோலண்ட் ஜூபிடர்-6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றது பேசியது. கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அந்த ஏற்பாடுதான் மிடி. அதுவரை மின்னழுத்தமாக இருந்த சக்கரம் அன்றிலிருந்து எண் ஆனது. மாடுலேஷனுக்கு 0 முதல் 127 வரை 128 படிகள், கன்ட்ரோலர் எண் 1. அந்த வரிசையில் ஒன்றாம் எண்ணே மாடுலேஷனுக்குத்தான். பிட்ச் பெண்டுக்கு மட்டும் தனிச் சலுகை: தனியாக ஒரு செய்தி வகை, 16,384 படிகள், நடு 8,192.

இந்தச் சலுகை ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். ஒரு ஸ்தாயி மேலே, ஒரு ஸ்தாயி கீழே என்று மொத்தம் இருபத்து நான்கு அரை ஸ்வரத்தை வளைக்க வேண்டும் என்று வையுங்கள். 128 படிகளில் பிரித்தால் ஒரு படி ஏறக்குறைய அரை ஸ்வரத்தின் ஐந்தில் ஒரு பங்கு. காது அதைப் படிப்படியாகவே கேட்கும். வழுக்கல் ஏணியாகிவிடும். 16,384-ல் பிரித்தால் எந்தக் காதுக்கும் படி தெரியாது. கமகம் தெரியாத ஊரில் எழுதிய விதிமுறை என்று குறை சொல்ல முடியாத அளவுக்குத் தாராளமாகவே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மலிவான கருவிகளில் உள்ளே இருக்கும் சில்லு அத்தனை படியையும் அனுப்புவதில்லை என்பது வேறு விஷயம்.

படிகள் எத்தனை என்பது ஒன்று, எவ்வளவு தூரம் வளையும் என்பது இன்னொன்று. வழக்கமாக மேலே இரண்டு அரை ஸ்வரம், கீழே இரண்டு. 1991-ல் வந்த ஜெனரல் மிடி ஒப்பந்தமும் அதையே தொடக்க அளவாக வைத்தது. ராக் கிட்டாரை மனதில் வைத்தது அந்த அளவு. அது தற்செயலாக நம் தோடிக்கும் பொருந்திவிட்டதுதான் எனக்கு ஆச்சரியம். ஷட்ஜத்தை ஒரு கட்டை சுருதியில், அதாவது சி-யில், வையுங்கள். சாதாரண காந்தாரம் இ-ஃபிளாட்டில் வரும். தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கிற ஸ்வரம் அல்ல. சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடுகிற ஸ்வரம். ரிஷபம் காந்தாரக் கட்டையிலிருந்து இரண்டு அரை ஸ்வரம் கீழே, மத்யமம் இரண்டு அரை ஸ்வரம் மேலே. காந்தாரக் கட்டையை மட்டும் அமுக்கிக்கொண்டு சக்கரத்தை அடி முதல் நுனி வரை உருட்டினால் ஊஞ்சலின் இரு முனைகளும் கிடைத்துவிடும். எல்லை கிடைத்தால் போதுமா என்றால் போதாது. எந்த முனையில் எத்தனை நேரம் தங்குவது, ஏறும் வேகம் எது, இறங்கும் வேகம் எது என்பதில்தான் தோடி இருக்கிறது. மாடுலேஷன் வீலை ஏற்றி, அந்த எந்திர நடுக்கத்தைக் கம்பிதம் என்ற கமகமாக நினைத்துக்கொள்வது கீபோர்டு கர்நாடக வாசிப்பில் மன்னிக்கக் கூடாத குற்றம். அந்த அலை சீரானது. கமகம் சீரானதில்லை.

இதை முழுநேர வித்தையாகவே ஆக்கிக் காட்டியவர் கீபோர்டு சத்யா என்று அறியப்படும் கே. சத்தியநாராயணன். சபா மேடையில் கீபோர்டில் முழுக் கச்சேரி செய்கிறவர். வலது கை கட்டைகளில் ஸ்வரத்தை எடுக்க, கமகத்தை இடது கை கவனிக்கும். வலது கை ஓரிடத்தில் ஊன்றி நிற்க, பிரயோகம் முழுவதையும் இடது கை நடத்தும் கட்டங்களும் இந்த வாசிப்பில் உண்டு. கர்நாடக இசைக்குக் கார்டு தேவையில்லை, சுருதிக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. ஆகவே 1970-ல் மினிமூக்கில் சும்மா இருந்த இடது கை இங்கேயும் சும்மா இருக்கிறது. சக்கரம் செய்தவர்கள் யாரும் நினைத்திருக்காத வீடு, ஆனால் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்திய வீடு.

சினிமாப் பாட்டின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே கீபோர்டு எல்லாமாகவும் இருக்க வேண்டும். 80-களில் இளையராஜாவின் குழுவில் விஜி மானுவேல் போன்றவர்கள் வாசித்ததையும், பின்னால் அந்தப் பாட்டுகளை மேடையில் திரும்ப வாசித்த மெல்லிசைக் குழுக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு ஒரு கீபோர்டுக்காரர். நாதஸ்வரம் அவர்தான், சோலோ வயலின் அவர்தான், புல்லாங்குழலும் அவரே. நாதஸ்வரத்தை வெறும் கட்டையில் வாசித்தால் பேண்ட் வாத்தியக் கிளாரினெட் மாதிரி விழும். ஒவ்வொரு ஸ்வரத்துக்குள்ளும் சின்ன வழுக்கலோடு நுழைந்தால்தான் கல்யாண வீடு கண்ணுக்கு வரும். பதிவு செய்த நிஜ வாத்திய ஒலியை வளைப்பதில் ஒரு எல்லையும் உண்டு. வளைக்க வளைக்க அந்தப் பதிவு வேகமாக ஓட்டப்படுகிறது அல்லது மெதுவாக. இரண்டு அரை ஸ்வரம் வரை காது ஏமாறும். ஒரு ஸ்தாயி வளைத்தால் வயலின் கொசுவாகிவிடும்.

மாடுலேஷன் வீலுக்கு இதற்குள் வேறு பதவி கிடைத்திருந்தது. கம்ப்யூட்டரில் வைத்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா ஒலித்தொகுப்புகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை கன்ட்ரோலர் எண் 1-ஐ நடுக்கத்துக்குப் பயன்படுத்தவில்லை. வயலின்கள் எவ்வளவு மென்மையாக, எவ்வளவு உரக்க வாசிக்க வேண்டும் என்பதற்கு வைத்துக்கொண்டன. சக்கரம் கீழே இருந்தால் முப்பது வயலின்காரர்கள் முணுமுணுப்பார்கள், மேலே போனால் முழங்குவார்கள். உலகமெங்கும் பின்னணி இசை செய்கிறவர்கள் வலது கையால் கார்டைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் இந்தச் சக்கரத்தை மெல்ல ஏற்றி இறக்கியபடி உட்கார்ந்திருக்கிறார்கள். மார்த்தனோவின் இழுப்பறைக்குள் இருந்த கட்டை செய்த அதே வேலை. நடுக்கத்துக்கென்று பிறந்தது இப்போது ஆர்க்கெஸ்ட்ரா நடத்துனர் கையில் இருக்கும் கோல்.

கார்டுக்கும் கமகத்துக்கும் நடந்த வழக்குக்கு ஒரு சமரசம் மெதுவாக வந்தது. அமெரிக்காவின் இல்லினாயில் லிப்போல்ட் ஹாக்கன் செய்த கன்டினியம் என்ற கருவியில் கட்டையே கிடையாது. மெத்தைபோல ஒரு பரப்பு, ஒவ்வொரு விரலும் தனித்தனியாக வழுக்கலாம். ஏ.ஆர். ரஹ்மான் இதை மேடையிலும் பதிவிலும் வாசிக்கிறவர். 2009-ன் 'டெல்லி-6' படத்தில் 'ரெஹ்னா து' பாட்டின் முடிவில் வரும் நீண்ட வழுக்கல் அவர் கன்டினியத்தில் வாசித்தது. மிடியில் பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுவதையும் அசைக்கும் என்பதுதான் பழைய சிக்கல். அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டார்கள்: ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனிச் சேனலில் அனுப்பிவிடு, ஒவ்வொன்றுக்கும் தனி வளைவு. 2018 ஜனவரியில் எம்பிஇ என்ற பெயரில் அது அதிகாரபூர்வமானது. இதில் ஒரு ஸ்வரத்தின் வழக்கமான வளைவு எல்லை இரண்டு அரை ஸ்வரம் அல்ல, நாற்பத்தெட்டு. கருவி நாற்பத்தெட்டு என்று நினைத்து அனுப்ப, கம்ப்யூட்டர் இரண்டு என்று நினைத்து வாங்கினால், எவ்வளவு வழுக்கினாலும் சுருதி அசையாமல் முரண்டு பிடிக்கும். மாறி அமைந்தால் விரல் லேசாக அசைந்ததற்கே ஸ்வரம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

லெ கெய்னிடம் திரும்ப வருவதாகச் சொன்னேன். பிரான்சின் எக்ஸ்பிரசிவ் ஈ கம்பெனி, ஹாக்கனோடு சேர்ந்து, ஆஸ்மோஸ் என்ற கீபோர்டைக் கொண்டுவந்தது. பார்க்கச் சாதாரண 49 கட்டைகள். அமுக்கிய கட்டையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அந்த ஸ்வரம் மட்டும் வளையும். ஒட்டாவாவில் 1948-ல் ஒரு கட்டைக்குத் தெரிந்த வித்தை இப்போது ஒவ்வொரு கட்டைக்கும் தெரிகிறது. இடது கை விடுதலையாகிக் கார்டுக்குத் திரும்பலாம். ஆனால் விரல் அசையும் தூரம் சில மில்லிமீட்டர்தான். ஒரு தோடி காந்தாரத்தின் ஊஞ்சலை அந்தச் சின்ன இடத்தில் ஆட்டுவதைவிட, சக்கரத்தின் முழு ஓட்டத்தில் ஆட்டுவது எளிது என்று நினைக்கிறேன். கைக்கு இடம் வேண்டும்.

மலிவுப் பக்கத்தில் கதை வேறு திசையில் போகிறது. மடிக்கணினியோடு பையில் போட்டுக்கொள்ளும் இருபத்தைந்து கட்டை கன்ட்ரோலர்கள் பலவற்றில் சக்கரத்துக்கு இடமில்லை. அக்காயின் எம்பிகே மினியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஜாய்ஸ்டிக். ஆர்டூரியாவின் மினிலாபில் இரண்டு தொடுபட்டை. மூக் பட்டறையின் ரிப்பன்தான் சிக்கனம் கருதித் திரும்ப வந்திருக்கிறது, விரலுக்கு நடு தெரியாது என்ற பழைய குறையையும் கூட்டிக்கொண்டு.

மினிமூக் 1981-ல் நின்றுபோனது. 2016-ல் மூக் கம்பெனி அதை மறுபடி செய்தது, பிறகு நிறுத்தி, 2022-ல் இன்னொரு முறை செய்தது. இந்தக் கடைசிப் பதிப்பில் சேர்த்த புதுமைகளில் ஒன்று பிட்ச் வீலுக்கு ஸ்பிரிங். ஐம்பது வருஷமாக மற்ற கம்பெனிகள் எல்லாம் பழக்கிவிட்ட கைகள், சக்கரம் தானாகத் திரும்பும் என்று எதிர்பார்க்கின்றன. மூக்கும் அதற்கு ஒத்துப்போய்விட்டது. வியாபாரத்துக்கு அது சரி. வாசிப்புக்கு எனக்கு ஸ்பிரிங் இல்லாத சக்கரமே பிடிக்கும். ஸ்பிரிங் எப்போதும் நடுவைப் பார்த்து இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே ஒரு இடத்தில் நின்று, அந்த இடத்தைச் சுற்றி அசைக்க வேண்டும் என்றால் பாதி பலம் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டவே போய்விடும். பழைய சக்கரம் நிறுத்திய இடத்தில் நின்றது. அங்கேயே சின்னதாக ஆட்டலாம், இன்னும் கொஞ்சம் ஏறலாம், பள்ளத்துக்குத் திரும்பி வந்து கடக்கென்று உட்காரலாம். வேண்டுமென்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாம். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு கழற்றுவது நல்லது.